சித்திரையில் எத்தனை குடம்? வீட்டுக் குட்டையில் கீரையும் தாமரையும்

வீட்டுப் பின்னால் குட்டை வெட்டி, சாப்பிடுகிற செடிகளை அதில் வளர்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: சித்திரை மாதத்தில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் அதற்கு ஊற்ற முடியும்? தஞ்சாவூர்க்காரரிடம் இதைக் கேட்க வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

நான் அந்தக் கணக்கைப் போடாமல் ஏமாந்தவன். ஐப்பசி மழையில் ஊரெல்லாம் தண்ணீர் நிற்கும்போது ஆசை வந்து, 15 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழம் என்று வெட்டிவிட்டேன். தை வரை ஜோராக இருந்தது. பங்குனியில் தண்ணீர் பாதியாகி, சித்திரையில் போர்வெல் காற்றை மட்டும் துப்ப, தாமரை இலைகள் சேற்றில் அப்பளமாகக் காய்ந்து கிடந்தன. பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுக்கு ஊத்துன தண்ணிய ரெண்டு தென்னைக்கு ஊத்தியிருந்தா இளநியாவது குடிச்சிருக்கலாமே" என்றார். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குவோம். நம் பக்கத்துக் கோடையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 7 மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியாகப் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். 10 அடிக்கு 6 அடி குட்டை என்றால் பரப்பு 60 சதுர அடி. அதிலிருந்து தினமும் ஏறக்குறைய 40 லிட்டர், அதாவது பிளாஸ்டிக் குடத்தில் மூன்று குடம் போகும். செடி உறிஞ்சி விடுவதையும் சேர்த்தால் நான்கு. நான் முதலில் வெட்டியதற்கு ஏழெட்டுக் குடம் தேவைப்பட்டது. ஆழத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆவியாவது மேல்பரப்பிலிருந்துதான். அதனால் சித்திரையில் கையில் இருக்கும் குடத்தை எண்ணி, அதற்கேற்ற பரப்பை முடிவு செய்யுங்கள். ஐப்பசியில் ஏரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இந்தக் கணக்கே பயமாக இருந்தால், கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இறக்குகிற சிமெண்ட் உறை ஒன்றை வாங்கி, அடியில் காங்கிரீட் போட்டு அடைத்துவிடுங்கள். 3 அடி விட்டம், 1 அடி உயரம் உள்ள உறையில் சுமார் 200 லிட்டர் பிடிக்கும். கோடையில் தினம் அரைக் குடம் ஊற்றினால் போதும். முதல் வருடம் இரண்டு உறையில் கீரை எடுத்துப் பழகிவிட்டு, அடுத்த வருடம் குழி வெட்டுவதுதான் என் சிபாரிசு. அவசரக்காரர்களுக்காகக் குழி வெட்டும் முறையையும் சொல்கிறேன்.

இடம்

காலையிலிருந்து மதியம் 2 மணி வரை வெயில் படவேண்டும். அதற்குப் பிறகு நிழல் விழுந்தால் நல்லதே, ஒரு குடமாவது மிச்சமாகும். மேற்கே ஒரு முருங்கை இருந்தால் அருமை. புளியமரத்தடியும் வேப்பமரத்தடியும் வேண்டாம். இலை உதிர்ந்து அழுகி, தண்ணீர் கறுத்து நாறும். செப்டிக் டேங்க், சாக்கடை, மாட்டுக்கொட்டகைக் கழிவு ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள், மேட்டுப் பக்கமாக. இதில் விளைவது சோற்றில் விழப் போகிறது.

வீட்டில் நடை பழகும் குழந்தை இருந்தால் தரைமட்டக் குட்டையே வேண்டாம். ஒன்றரை அடித் தண்ணீரும் ஆபத்துதான். சுற்றிலும் இரண்டரை அடி சுவர் எழுப்புங்கள், அல்லது இரும்புச் சட்டம் அடித்துக் கம்பி வலை போட்டு மூடுங்கள். வலை போட்டால் குரங்குத் தொல்லையும் தீரும். பென்னாகரம் பக்கம் இருப்பவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும்.

குழியும் ஷீட்டும்

10 அடிக்கு 6 அடி, நடுவில் 2 அடி ஆழம். ஒரு நீளப் பக்கத்தில் மட்டும் 2 அடி அகலத்துக்கு ஒரு படி விடுங்கள். அந்தப் படியின் ஆழம் அரை அடி இருந்தால் போதும். கீரைகள் படியில், தாமரை நடுவில். மேல் விளிம்பு நான்கு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும். கொத்தனார் பிடிப்பதுபோல் ஒரு டியூப்பில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்தாலும் குட்டை முழுக்க இரண்டு அங்குலம் குறைந்துதான் நிற்கும்.

நம் செம்மண்ணில் சரளையும் வெங்கச்சாங்கல்லும் நிறைய. குழிக்குள் வெறுங்காலோடு இறங்கி நடந்து பாருங்கள். காலில் குத்துவது ஷீட்டையும் குத்தும். கல்லைப் பொறுக்கிவிட்டு 2 அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் பழைய சாக்குகளை விரித்துவிடுங்கள். அதற்கு மேல் சில்பாலின் என்கிற பிளாஸ்டிக் தார்ப்பாய் ஷீட், 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) கனமாவது இருக்கட்டும். மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் அசோலா என்ற மிதக்கும் செடிக்கு வாங்குகிற மெல்லிய ஷீட் இதற்குத் தாங்காது. ஷீட்டின் அளவுக்கு நீளத்தோடு ஆழத்தை இரண்டு முறையும், கரையில் மடிக்க இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடியும் கூட்டுங்கள். நம் குழிக்கு 16 அடிக்கு 12 அடி வரும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஷீட் குழியில் படிந்து உட்கார்ந்த பிறகே ஓரத்தை மடித்து மண்ணும் கல்லும் போட்டு மூடவேண்டும். முதலிலேயே இறுக்கி மூடிவிட்டால் தண்ணீரின் பாரத்தில் இழுத்துக் கிழியும். வெயில் படும் ஓரம்தான் முதலில் உளுத்துப் போகும், ஆகவே ஓர் அங்குலம்கூடத் தெரியாமல் மூடிவிடுங்கள்.

சிமெண்ட் தொட்டியோ உறையோ என்றால் வேறு ஒரு வேலை உண்டு. புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும், செடியும் மீனும் அதில் பிழைக்காது. தண்ணீர் நிரப்பி வாழைத்தண்டு, வாழைமட்டையை நறுக்கிப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு வெளியேற்றுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் போதும்.

எந்தத் தண்ணீர்?

நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த விஷயம். பற்களில் காவி படிந்த தலைமுறையே இருக்கிறது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரநிர்ணயம். உங்கள் போர் தண்ணீரை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

குட்டையில் இந்தப் பிரச்சினை இன்னும் ஒரு படி ஏறும். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பும் ஃபுளோரைடும் குட்டையிலேயே தங்கிவிடுகின்றன. நம் 60 சதுர அடிக் குட்டையில் ஏறக்குறைய 2,500 லிட்டர் பிடிக்கும். தினம் 40 லிட்டர் ஊற்றினால் இரண்டே மாதத்தில் இன்னொரு குட்டைத் தண்ணீரையே ஊற்றியிருப்போம். அப்போது உப்பு இரண்டு மடங்கு. வைகாசியில் இலை ஓரம் கருகினால் பூச்சி என்று மருந்து தேடாதீர்கள், உப்பாகத்தான் இருக்கும்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, மாதம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துத் தென்னைக்கோ வாழைக்கோ விட்டுவிட்டுப் புதிதாக நிரப்புவது. குட்டைத் தண்ணீரில் உரச்சத்து இருப்பதால் மரத்துக்கு லாபமே. இன்னொன்று, மொட்டைமாடி மழைநீர்க் குழாயைக் குட்டைக்குத் திருப்பிவிடுவது. 400 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 370 லிட்டர் வரும். அப்படி ஏழு மழை போதும், குட்டை நிறைந்துவிடும். முதல் மழையை மட்டும் வெளியே விடுங்கள், மாடியில் இருக்கும் காக்கை எச்சமும் தூசியும் அதோடு போகட்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எதுவும் இதில் வேண்டாம். கல்வாழைக்கு விட்டுக்கொள்ளுங்கள்.

மண்

தனிச் செம்மண் போட்டால் தண்ணீர் மாதக்கணக்கில் தெளியாது. ஏரி வண்டல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு கால் பங்கு, இவற்றைக் கலந்து குழைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சாணி கூடவே கூடாது. நுரைத்து, நாறி, பச்சைப் பாசி பொங்கும். இந்த மண்ணைக் குட்டையில் அப்படியே கொட்டாமல், துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்புகளில் முக்கால் அளவுக்குப் போட்டு, மேலே ஓர் அங்குலம் ஆற்றுமணல் பரப்பி, டப்போடு தண்ணீரில் இறக்குங்கள். பின்னால் கோடையில் இந்த டப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

செடிகள், நான் போடச் சொல்லும் வரிசையில்

முதலில் வள்ளைக்கீரை. தண்ணீர்மேல் படர்கிற, உள்ளே குழலாக இருக்கும் தண்டுள்ள கீரை. இலங்கைத் தமிழர்கள் கங்குங் என்பார்கள். ஓசூர்க்காரர்கள் பெங்களூர்ச் சந்தையில் ஒரு கட்டு வாங்கி வந்தால் பாதியைச் சமைத்து மீதியை நட்டுவிடலாம். ஒரு சாண் நீளத்தில், மூன்று கணு இருப்பதுபோல் வெட்டி, கீழ்க் கணு மண்ணில் புதையும்படி செருகுங்கள். சில நாளிலேயே வேர் விடும். ஒரு மாதத்தில் முதல் அறுப்பு, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அறுக்கும்போது அடியில் இரண்டு கணு விட்டுவிடுங்கள். இலை வெளிறினால் தழைச்சத்துக் குறைவு, ஒரு கைப்பிடி மக்கிய எருவைத் துணியில் முடிந்து வேரடியில் புதைத்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. ஏரிக்கரையெல்லாம் ஆளுயரத்துக்கு வளர்ந்து வெளிர்ஊதாப் பூ பூக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு, வள்ளையின் பங்காளி. பூவும் ஒரே ஜாடை. அது விஷம். நிமிர்ந்து புதராக நின்றால் தொடாதீர்கள், தண்ணீர்மேல் படுத்துப் படர்வதுதான் வள்ளை.

இரண்டாவது, ஆரைக்கீரை. நான்கு இலை சேர்ந்து ஒரு காம்பில் நிற்கும், ராத்திரியில் மடிந்துகொள்ளும். மூன்று இலையாக இருந்து புளித்தால் அது புளியாரை, வேறு செடி. நெல் வயல் வரப்பில் களையென்று பிடுங்கிப் போடுவதைக் கேட்டு வாங்கி வரலாம், களைக்கொல்லி அடித்த வயலா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று அங்குலத் தண்ணீர் போதும், வெறும் ஈரச் சேற்றிலும் வரும். படியின் விளிம்பில் ஒரு கைப்பிடி ஊன்றினால் இரண்டு மாதத்தில் அந்தப் படி முழுக்க அதனுடையது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நீர்க்கீரை கிடையாது என்பேன், காரணம் கடைசியில். இதைப் பச்சையாகத் தின்னக்கூடாது. பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு பொருள் இதில் உண்டு, சூடுபட்டால் அதன் வீரியம் போய்விடும்.

கரையோரம், ஷீட்டுக்கு வெளியே ஈரம் கசியும் இடத்தில் பொன்னாங்கண்ணி. நிழல் பக்கத்தில் வல்லாரை. இவற்றுக்கு வகுப்பு எடுக்கத் தேவையில்லை, குச்சியை ஊன்றினால் வரும். நீர்ப்பிரம்மியும் வரும், ஆனால் கசப்பு. துவையலில் நாலு இலை சேர்க்கலாம், கூட்டு வைக்க நினைக்காதீர்கள். தண்ணீர் வழிந்தோடும் மூலையில் சேம்பு வைக்கலாம். சமையலுக்கு விற்கும் சேப்பங்கிழங்கையே நடுங்கள். ஓடைக்கரைக் காட்டுச் சேம்பு தொண்டையை அரித்து எடுத்துவிடும். நல்ல ரகத்தின் இலையையும் புளி போட்டு நன்றாக வேகவைக்காமல் சாப்பிடக்கூடாது.

கடைசியாகத் தாமரை. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் கடைசிக்குத் தள்ளுவதும் இதைத்தான். நாட்டு மருந்துக் கடையில் தோல் உரிக்காத கறுப்புத் தாமரை விதை கிடைக்கும். தோல் உரித்த வெள்ளைப் பருப்பு முளைக்காது, ஜெபமாலை மணியில் துளை போட்டிருப்பார்கள், அதுவும் உதவாது. விதையின் ஒரு முனையில் சின்னக் காம்புமுனை போலவும் மறுமுனையில் சிறு குழி போலவும் இருக்கும். குழி உள்ள பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்துங்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் பச்சை முளை வரும். வேர் விட்டதும், அடியில் ஓட்டை இல்லாத, மூலை இல்லாத வட்ட டப்பில் நட்டு, நாற்றுக்குமேல் நாலு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். இலை உயர உயர டப்பை ஆழத்துக்கு இறக்கலாம். டப் இல்லாமல் விட்டால் ஓடுகொடியின் கூர்முனை ஷீட்டையே துளைத்துவிடும்.

தை மாசியில் விதை போட்டால் வெயிலோடு வளரும். முதல் வருடம் பூவை எதிர்பார்க்காதீர்கள், கிழங்கும் விரல் கனமே இருக்கும். ஒரு டப்புத் தாமரைக் கிழங்கு ஒரு வேளைப் பொரியலுக்குத்தான் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பூத்தால் காயிலிருக்கும் பச்சை விதையை உரித்துத் தின்னலாம், வேர்க்கடலைப் பிஞ்சு போல இனிக்கும். நடுவிலிருக்கும் பச்சை முளையை மட்டும் எடுத்துவிடுங்கள், கசக்கும். கடையில் பொரியாக விற்கும் மக்கானா தாமரை விதை இல்லை. அது பீகாரில் அதிகம் விளையும், முள் நிறைந்த வேறொரு நீர்ச்செடியின் விதை.

வெங்காயத்தாமரையை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குட்டையை ஒரு மழைக்காலத்தில் மூடிவிடும், கரை தாண்டினால் ஊர் ஏரியையும். அதேபோல் ஓசூர்ப் பக்கம் தென்பெண்ணையிலிருந்தோ அதன் கால்வாயிலிருந்தோ செடி எடுத்து வரவேண்டாம். அந்த ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் கழிவு கலந்து நுரை பொங்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நீர்ச்செடிகள் தண்ணீரிலிருக்கும் கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவினால் போகாது.

கொசு, பாசி, பூச்சி

குட்டை நிரம்பிய ஒரு வாரத்தில் கொசுப்புழு நெளியும். அதற்குள் இருபது கப்பி மீன் விட்டுவிடுங்கள், மீதியை அவை பார்த்துக்கொள்ளும். டெங்கு காலத்தில் சுகாதாரப் பணியாளர் வந்து கேட்டால் மீனைக் காட்டலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகு மீன் விடவேண்டும்.

முதல் மூன்று வாரம் தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும். பதறிப்போய் எல்லாவற்றையும் இறைத்துவிட்டு மறுபடி நிரப்பினால் மறுபடியும் பச்சை ஆகும், தண்ணீர்தான் வீண். மேல்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடியதும் பாசிக்கு வெயில் கிடைக்காமல் தானே தெளியும். பாசிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்வார்கள், போடாதீர்கள். மீன் சாகும், கீரையும் சாப்பிட லாயக்கில்லாமல் போகும். தாமரை இலையில் அசுவினி அப்பினால் டியூப்பை அழுத்திப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், விழுவதை மீன் தின்னும். தவளை வரும், தவளையைத் தேடித் தண்ணீர்ப்பாம்பு வரும். அதற்கு விஷம் இல்லை. ஆனாலும் விடிவதற்கு முன் கீரை பறிக்கப் போகும்போது டார்ச் எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது தொடங்குவது, எப்படிச் சாப்பிடுவது

வைகாசியில் குழி, ஆனி மழையில் தண்ணீர், ஆடியில் வள்ளையும் ஆரையும். ஆவணியில் முதல் கீரை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் வள்ளை அப்படியே நின்றுவிடும், செத்துவிட்டது என்று பிடுங்க வேண்டாம், மாசியில் எழும்.

எந்த நீர்க்கீரையையும் பச்சையாகச் சாப்பிடக்கூடாது. நத்தை ஊர்ந்த இலையில் ஒட்டுண்ணிகள் இருக்கலாம். மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக வேகவையுங்கள். வள்ளைக்குப் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்துப் பிரட்டினால் போதும், தண்டையும் சேர்த்தே. ஆரையைத் துவரம்பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் ராகிக் களிக்கு வேறு தொடுகறி தேவையில்லை.

கோடையில் மூடி வைப்பது

மழை பொய்த்த வருடத்தில் மூன்று குடமும் கிடைக்காது. அப்போது குட்டையைக் காப்பாற்ற முயலாதீர்கள். பங்குனியிலேயே முடிவெடுத்து, தாமரை டப்பைத் தூக்கி நிழலில் வைத்து மண் காயாத அளவுக்கு ஈரம் காட்டுங்கள். இலை எல்லாம் போனாலும் கிழங்கு சேற்றில் உயிரோடு கிடக்கும். வள்ளையில் நாலு குச்சியை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு அடுப்படி ஜன்னலோரம் வையுங்கள். மீனையும் இன்னொரு வாளிக்கு மாற்றிவிடுங்கள். மிச்சத் தண்ணீரை மரத்துக்கு ஊற்றிவிட்டு, ஷீட்டின்மேல் தென்னை ஓலை போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் பொரிந்துவிடும்.

ஆரையை மட்டும் எதுவும் செய்யவேண்டாம். அதன் காம்படியில் மிளகைவிடச் சிறிய, கறுத்த கெட்டிக் காய்கள் இருக்கும். வித்துக்கள் அதற்குள் பத்திரமாக இருக்கும், வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் கெடாது. டப்பு மண் பாளம் பாளமாக வெடித்தாலும் அதைக் கொட்டிவிடாமல் ஒரு மூலையில் வையுங்கள். அடுத்த மழையில் அதே டப்பைப் படியில் இறக்கி மூன்று அங்குலம் தண்ணீர் நிற்க விட்டால், முதலில் தலை காட்டுவது ஆரையாகத்தான் இருக்கும்.